இரைப்பை அறுவைக்குப் பிறகு பல் கரைகிறது: கேப் போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. உடல் எடையைக் குறைக்க 16 மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். 114 கிலோ இருந்தவள் இப்போது 73 கிலோ. சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் ஆறு மாதமாகப் பற்கள் படுத்துகின்றன. மேல் முன்பற்களின் நுனி கண்ணாடி போலத் தெரிகிறது, நிறமும் மஞ்சளாகிவிட்டது. கடைவாயில் ஈறை ஒட்டி இரண்டு குழிகள். ஒரு பல்லின் ஓரம் உடைந்துவிட்டது. தண்ணீர் பட்டாலே கூச்சம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வாந்தி வருகிறது. படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது. ‘கால்சியம் குறைந்து பல் கரைகிறது’ என்று வீட்டில் சொல்கிறார்கள். பல் மருத்துவர் ஆறு பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்கிறார். வலிக்கு அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை என் வயிறு தாங்குமா? ஒரு நாளில் நான் சாப்பிடுவதைக் கீழே எழுதியிருக்கிறேன்: காலை 6.30 வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். 8 மணி முதல் 9.30 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் புரோட்டீன் ஷேக், 10.30 டீ, பிஸ்கட், 1 மணிக்கு ரசம் சாதம், பொரியல், 3 முதல் 4 வரை பாட்டிலில் ஜூஸ், 5.30 கடலை மிட்டாய், 7.30 இட்லி, 9.30 வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி. படுக்கப் போகும்போது சப்பும் கால்சியம் மாத்திரையும் ஆரஞ்சுச் சுவை வைட்டமின் சி மாத்திரையும்.

பதில்: இவ்வளவு கவனமாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. உங்கள் உணவுப் பட்டியலிலேயே பாதி விடை இருக்கிறது. வாயைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது ஒரே நோய் போலத் தெரியவில்லை. இரண்டு வெவ்வேறு சேதங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் ஆறு கேப் தேவையா என்ற கேள்விக்கு வர முடியும்.

முன்பற்களின் நுனி கண்ணாடி போல ஆவதும் மஞ்சளாவதும் அமில அரிப்பு. இதில் கிருமிக்கு வேலை இல்லை. புளிப்பு நேரடியாகப் பல்லைத் தொட்டுக் கரைக்கிறது. மேலே இருக்கும் வெள்ளை எனாமல் மெலியும்போது உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியத் தொடங்கும். ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து மேல் முன்பற்களின் உள்பக்கத்தை, அதாவது அண்ணத்தை நோக்கிய பக்கத்தைப் பாருங்கள். அங்கே வழுவழுப்பாக, மேடு பள்ளம் இல்லாமல் தேய்ந்திருந்தால் அமிலம் வயிற்றிலிருந்து மேலேறி வருகிறது என்று பொருள். வாந்தி வரும்போது நாக்கு கீழ்ப்பற்களை ஓரளவு மூடிக்கொள்ளும். மேல் பற்களின் உள்பக்கம்தான் முழு அடியையும் வாங்கும். உதட்டுப் பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் எலுமிச்சை, ஜூஸ் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பக்கமும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

கடைவாயில் ஈறோரக் குழிகள் சொத்தை. இது கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குவதால் வருவது. ஈறோரத்தில் எனாமல் மிகவும் மெல்லியது, வேர்ப்பகுதியில் எனாமலே கிடையாது. புளிப்பைப் பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால்தான் எனாமல் கரையும், வேர்ப்பகுதியோ 6.2 முதல் 6.7-க்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் குழி முதலில் அங்கே விழுகிறது.

இனி கால்சியம் விஷயம். வீட்டில் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது சரியல்ல. எலும்பிலிருந்து எடுப்பதுபோல, முளைத்து முடிந்த பல்லிலிருந்து உடல் கால்சியத்தை எடுத்துக்கொள்வதில்லை. எனாமலில் உயிரணுவும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தாடை எலும்பு உட்பட எலும்புகள் பாதிக்கப்படும். பல்லின் மேல்பரப்பு அதனால் கரையாது. பல் வெளியிலிருந்துதான் கரைகிறது, அதைக் காப்பதும் வெளியிலிருந்துதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கால்சியம் குறைவு என்று நம்பி இன்னும் இரண்டு சப்பும் மாத்திரை சேர்ப்பவர்கள், இரவில் பல்லின் மேல் இன்னும் கொஞ்சம் சர்க்கரையையும் புளிப்பையும் பூசிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். எலும்புக்காகக் கால்சியம் கட்டாயம் வேண்டும், நிறுத்திவிடாதீர்கள். எந்த வடிவில், எந்த நேரத்தில் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து உங்கள் நாளைக் கடிகாரத்தில் வைத்துப் பார்ப்போம். இனிப்போ மாவுப்பண்டமோ வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் படிந்திருக்கும் கிருமிப்படலம் புளிக்கத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கணக்குக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளை சாப்பிடுபவருக்கு ஒரு நாளில் 2 மணி நேரம் புளிப்பு. மீதி நேரமெல்லாம் உமிழ்நீர் தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு பல்லைச் சரிசெய்துகொண்டிருக்கும். உங்கள் பட்டியலில் ஒன்பது முறை இருக்கிறது. அதுவே 6 மணி நேரம். ஷேக்கை ஒன்றரை மணி நேரமும் ஜூஸை ஒரு மணி நேரமும் இழுத்துக் குடிக்கிறீர்கள். அதையும் கூட்டினால் எட்டரை மணி நேரம். இதோடு வாந்தியும், இரவில் ஏறும் புளித்த நீரும். பல்லுக்கு ஓய்வே இல்லை. அறுவை பல்லை நேரடியாக ஒன்றும் செய்யவில்லை, அது மாற்றிய சாப்பாட்டு நேரங்களும் வயிற்றின் அமைப்பும்தான் இதைச் செய்கின்றன.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கி, மீதியைக் குழாய் போல ஆக்கிவிடுகிறார்கள். குறுகிய குழாயில் அழுத்தம் அதிகம். உணவும் அமிலமும் மேலே தள்ளப்படுவது எளிது. அறுவைக்கு முன் நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் ஸ்லீவுக்குப் பிறகு புதிதாக வருவதற்கு இதுதான் காரணம். இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு சேர்த்துத் தைக்கும் பைபாஸ் வகை அறுவையில் எதுக்களிப்பு பொதுவாகக் குறையும், ஆனால் அதற்கு வேறு சிக்கல்கள் உண்டு. வலி மாத்திரை பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

சாப்பிடும் தடவைகளைக் குறைத்தால் புரதம் குறைந்துவிடுமே என்ற பயம் உங்களுக்கு வரும். நியாயமான பயம்தான். அதனால் தடவையை வெட்டச் சொல்லவில்லை. எந்தத் தடவையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். முட்டை, பனீர், மீன், கோழி, சர்க்கரை போடாத தயிர், மோர், வேர்க்கடலை, பாதாம் இவை கிருமிக்குத் தீனி அல்ல. ஆறு முறை சாப்பிட்டாலும் அதில் இரண்டோ மூன்றோதான் மாவுச்சத்து உள்ளவை என்றால், பல்லின் கணக்கில் நீங்கள் மூன்று வேளை சாப்பிடுபவர்தான். மோர் புளிக்கிறதே என்று கேட்கலாம். தயிரின் பிஎச் 4 அளவில் இருந்தாலும் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலைக் கரைப்பதில்லை. எலுமிச்சைச் சாறு அப்படியல்ல. அதன் பிஎச் 2-க்கும் 3-க்கும் இடையே. பிஎச் கணக்கில் ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும், 5.5-லிருந்து 2.5-க்கு இறங்குவது ஆயிரம் மடங்கு. தேனையும் சேர்த்தால் கிருமிக்கும் விருந்து. அந்தக் காலை எலுமிச்சைத் தண்ணீரை நாளையே நிறுத்துங்கள். ஆப்பிள் சைடர் வினிகருக்கும் இதே பதில்தான். ரசம் சாதத்தோடு சேர்ந்து ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தனியாக டம்ளரில் ஊற்றி உறிஞ்சாமல் இருந்தால் சரி.

ஷேக்கைச் சர்க்கரை சேர்க்காத பொடியில் கலந்து, 20 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அவ்வளவு வேகம் வயிறு ஏற்கவில்லை என்றால் பாதி அளவில் இரண்டு முறை. நடுவில் உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். ஸ்ட்ரா பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பார்கள். காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்று பல அறுவை நிபுணர்கள் ஸ்ட்ராவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், எனவே அந்த வழி வேண்டாம். ஜூஸ் பாட்டிலுக்குப் பதில் வெறும் தண்ணீர். பழத்தைப் பழமாகவே மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். கடலை மிட்டாய்க்குப் பதிலாக வறுத்த கடலை. டீயில் சர்க்கரை வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். பிஸ்கட் மாவு கடைவாய்ப் பல்லின் குழிகளில் அப்பிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பல்லில் இருக்கும் கிருமிக்கு இவற்றுக்குள் எந்த வேறுபாடும் தெரியாது.

உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தருவது 9.30 மணிக் கஞ்சியும் அதன்பின் வரும் இரண்டு மாத்திரைகளும். தூக்கத்தில் உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுவிடும். பகலில் 40 நிமிடத்தில் சரியாகும் புளிப்பு இரவில் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். போதாததற்கு, கஞ்சி குடித்தவுடன் படுப்பதால் எதுக்களிப்பும் கூடுகிறது. 7.30 உணவே கடைசியாக இருக்கட்டும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பாக வயிற்றுக்கு விடுமுறை. கஞ்சி வேண்டுமென்றால் வெல்லம் இல்லாமல் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சப்பும் வைட்டமின் சி மாத்திரை அஸ்கார்பிக் அமிலத்தில் செய்தது. அதைப் பல்லோரம் ஒதுக்கிச் சப்புவது எலுமிச்சைத் துண்டை ஒதுக்கி வைப்பதற்குச் சமம். 16 மாதம் ஆன உங்களால் விழுங்கும் மாத்திரையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள முடியும். மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கால்சியம் விஷயத்திலும் அப்படியே. கார்பனேட் வகை உடலில் சேர வயிற்று அமிலம் வேண்டும். உங்கள் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பகுதியே பெருமளவு போய்விட்டது, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சிட்ரேட் வகை நல்லது. ஒரு நாளுக்கு மொத்தம் 1200 முதல் 1500 மி.கி., ஒரு தடவைக்கு 500 முதல் 600 மி.கி.க்கு மேல் வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும்.

சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதைக் கடைப்பிடிக்கும் பலர் வாய் கொப்பளிப்பதையும் விட்டுவிடுகிறார்கள். குடிக்கத்தான் கூடாது. ஒரு வாய் தண்ணீரை 20 விநாடி நன்றாகச் சுழற்றித் துப்பலாம். ஒவ்வொரு முறை சாப்பிட்டதும், மாத்திரை சப்பியதும் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லாத இந்தப் பழக்கம், விலை உயர்ந்த எந்தப் பேஸ்ட்டையும்விட உங்களுக்கு அதிகம் உதவும்.

வாந்தி எடுத்தவுடன் பிரஷ் எடுக்காதீர்கள். நாற்றம் போக வேண்டும் என்று கை தானாகப் போகும். ஆனால் அமிலம் பட்ட எனாமலின் மேல்பரப்பு அந்த நேரத்தில் மென்மையாகியிருக்கும், பிரஷ் அதைச் சுரண்டி எடுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது 250 மி.லி.யில், ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, அதை நாலைந்து வாயாகக் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். சோடா கையில் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர், பாலும் நல்லது. பிறகு சிறிது ஃபுளோரைடு பேஸ்ட்டை விரலில் எடுத்துப் பற்களின் மேல் லேசாகத் தடவி விட்டுவிடலாம். பிரஷ் செய்வது ஒரு மணி நேரம் கழித்து. அலுவலகப் பையில் சின்ன டப்பாவில் சோடா வைத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடாவும் ஆப்பசோடாவும் ஒன்றுதான். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலம் கலந்திருக்கும், அது வேண்டாம்.

ஆனால் வாந்தியைச் சமாளிப்பது தீர்வாகாது. அறுவை முடிந்து 16 மாதம் கழித்தும் வாராவாரம் வாந்தி வருவது சாதாரணமல்ல. வேகமாகச் சாப்பிடுவது, பெரிய கவளம், நார் நிறைந்த கீரைத் தண்டும் காய்ந்த ரொட்டியும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்றவை காரணமாகலாம். இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம், உதரவிதானத்தில் இடைவெளி விழுந்திருக்கலாம். உங்களுக்கு அறுவை செய்த நிபுணரை இந்த மாதமே பாருங்கள், எண்டோஸ்கோபி தேவையா என்று அவர் சொல்வார். இன்னொரு ஆபத்தும் உண்டு: வாந்தி நாள்தோறும் தொடர்ந்தால் உடலில் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, குழப்பம், கால் மரத்துப்போவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் அப்புறம்.

இரவு எதுக்களிப்புக்குக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடதுபக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. அமிலம் குறைக்கும் மாத்திரை தேவையா, எவ்வளவு நாள் என்பதை அறுவை நிபுணர் முடிவு செய்யட்டும்.

பிரஷ்ஷிலும் பேஸ்ட்டிலும் செய்ய வேண்டியது அதிகமில்லை. சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ். கடைவாய்ப்பக்கம் போகும்போது குமட்டினால் குழந்தைகளுக்கான பிரஷ் எடுத்துக்கொள்ளலாம். பேஸ்ட் அட்டையில் ஃபுளோரைடு அளவைப் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது, எவ்வளவு இருக்கிறது என்று அச்சிடவும் வேண்டும். 1000-ஐ ஒட்டி இருப்பதை எடுங்கள். ‘மூலிகை’ என்று விற்கப்படும் பல பேஸ்ட்டுகளில் ஃபுளோரைடே இருப்பதில்லை. உங்கள் நிலையில் அவை போதாது. கரித்தூள் பேஸ்ட், பல்பொடி, உப்பும் எலுமிச்சையும் மூன்றும் மெலிந்த எனாமலை மேலும் தேய்க்கும். மஞ்சள் நிறத்துக்காக வெளுக்கும் சிகிச்சைக்குப் போகாதீர்கள். மஞ்சள் அழுக்கு அல்ல, உள்ளே இருக்கும் டென்டின். காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லோடு இருக்கட்டும். பகலில் ஒரு முறை, துலக்கும் நேரத்திலிருந்து தள்ளி, 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு மவுத்வாஷ் 10 மி.லி. ஒரு நிமிடம். ஆல்கஹால் கலக்காததாக இருக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போலத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊராக இருந்தால் பயம் வரும். பல்லில் கறை படிவது சிறு வயதில் பல் உருவாகும்போது. வளர்ந்தவர் துப்பிவிடும் பேஸ்ட்டால் அது வராது.

உமிழ்நீர் போதுமா என்பதை வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, அமைதியாக உட்கார்ந்து, எதையும் மெல்லாமல், ஊறும் எச்சிலை 5 நிமிடம் ஒரு கிண்ணத்தில் துப்புங்கள். ஊசி போடும் சிரிஞ்சில் ஊசி இல்லாமல் உறிஞ்சி அளந்து பாருங்கள். ஒன்றரை மி.லி. அளவில் இருந்தால் சாதாரணம், அரை மி.லி.க்குக் குறைந்தால் வாய் வறண்டிருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் சொல்லுங்கள். நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் மடக்கு மடக்காகப் போகிறதா, சளிக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். எச்சில் ஊற சூயிங் கம் மெல்லச் சொல்வது பல் மருத்துவரின் வழக்கம். இரைப்பை அறுவை செய்தவர்கள் அதைத் தவறி விழுங்கினால் குறுகிய பாதையில் அடைத்துக்கொள்ளலாம் என்று அறுவை நிபுணர்கள் தடுக்கிறார்கள். இருவர் சொல்வதும் அவரவர் வகையில் சரிதான், ஆனால் இங்கே அறுவை நிபுணரின் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

இனி ஆறு கேப். பல்லில் கேப் போடச் சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. செதுக்க வேண்டும். ஏற்கனவே மெலிந்த பல்லில் அவ்வளவு செதுக்கியபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அமிலமும் இரவுக் கஞ்சியும் நிற்காமல் கேப் போட்டால், இரண்டு மூன்று வருடத்தில் கேப்பின் விளிம்பிலேயே புதிய சொத்தை விழும். அப்போது காப்பாற்றப் பல்லே இருக்காது. எனவே, அவசரம் இல்லாத பற்களுக்கு இப்போது கேப் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. குழிகளைச் சுத்தம் செய்து, ஃபுளோரைடு கசியும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளால் அடைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உடைந்த ஓரத்தை, நாக்கைக் கிழிக்காதபடி தற்காலிகமாக மூடினால் போதும். முன்பற்களைப் புகைப்படமோ ஸ்கேனோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால்தான் தேய்வு நின்றதா என்று தெரியும். நின்றபின், முன்பற்களின் மெலிந்த உள்பக்கத்தையும் நுனியையும் பல்லைச் செதுக்காமலேயே பல் நிறக் காம்போசிட் வைத்து உயர்த்திக் கட்டலாம். அதன் பிறகும் கேப் தேவைப்படும் பல் ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கும்.

வேர் சிகிச்சை தேவையா என்பதற்குக் கூச்சம் மட்டும் அளவுகோல் ஆகாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று வந்து, எடுத்தவுடன் சில விநாடிகளில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பட்டபின் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று நீடித்தால், எதுவும் படாமலே வலித்தால், இரவில் தூக்கத்தைக் கலைத்தால், அந்தப் பல்லுக்கு மட்டும் வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஈறில் சீழ்க்கட்டி, முகவீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றே போக வேண்டும். எந்தப் பல்லுக்கு எந்தக் காரணத்துக்காக என்று ஒவ்வொன்றாக எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கும்படி உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். இதைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற யோசனை வந்தால், மெல்லும் பல் போனபின் கவளம் முழுதாக உள்ளே போகும், அது வாந்தியைக் கூட்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

வலி மாத்திரைக்கு வருவோம். பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தைப் படியுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோரோலாக், ஆஸ்பிரின் எதுவாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் அறுவை நிபுணரைக் கேட்க வேண்டும். பல் வலிக்கு இங்கே வழக்கமாக எழுதப்படுபவை பெரும்பாலும் பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ சேர்ந்த கலவை என்பதால், ‘பாரசிட்டமால்தானே’ என்று ஏமாந்துவிடுவது எளிது. பைபாஸ் செய்தவர்களுக்கு இவை கிட்டத்தட்ட விலக்கு: இரைப்பைப் பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் விழும், அது இரத்தம் கசியவோ ஓட்டையாகவோ ஆகலாம். ஸ்லீவில் ஆபத்து அதைவிடக் குறைவு. ஆனால் எதுக்களிப்போடு இருக்கும் உங்களுக்குத் தவிர்ப்பதுதான் நல்லது. கல்லீரல் கோளாறு இல்லையென்றால், கலவை இல்லாத பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளுக்கு 3 கிராமுக்குள். அதில் அடங்காத வலி என்றால் மாத்திரையை மாற்றுவதைவிடப் பல்லைத் திறந்து சிகிச்சை செய்வதுதான் வழி. மரத்துப்போகும் ஊசிக்குத் தடையில்லை. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், மெதுவாகக் கரையும் வகை மாத்திரை வேண்டாம் என்று சொல்லுங்கள்; மாத்திரை போகும் பாதையும் குடலில் தங்கும் நேரமும் மாறியவர்களுக்கு அது முழுதாகச் சேராமல் போகலாம்.

பல் மருத்துவரிடம் போகும் நாளில் அறுவைக் குறிப்பின் நகலையும் மாத்திரைப் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். நாற்காலியை முழுதாகச் சாய்க்காமல் பாதி சாய்வில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புளித்த நீர் மேலேறும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அது பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம் காணும் சர்க்கரை இறக்கம். சொல்லாவிட்டால் ஊசி பயம் என்று நினைத்துவிடுவார்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, முக்கால் மணி நேரமாக நாலு முறை போவது உங்களுக்கு ஏற்றது.

நாக்கு எரிச்சல், நாக்கு வழுவழுவென்று சிவப்பது, உதட்டோர வெடிப்பு, அடிக்கடி வாய்ப்புண் இவற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது பல்லின் கதை அல்ல, இரும்பும் பி12-உம் ஃபோலேட்டும் குறைவதன் அடையாளம். எப்படியும் அறுவைக்குப் பிந்தைய இரத்தப் பரிசோதனை ஓராண்டு கடந்துவிட்டது என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆறையும் இப்போது பார்த்துவிடுங்கள்.

இதே அறுவைக்குத் தயாராகும் உங்கள் உறவினரோ நண்பரோ இருந்தால், தேதி குறிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். சொத்தையை அடைக்கவும், விழுந்த கடைவாய்ப் பல்லைக் கட்டவும் அதுதான் வசதியான காலம்.

முதலில் எலுமிச்சைத் தண்ணீரையும் இரவுக் கஞ்சியையும் நிறுத்துங்கள், அறுவை நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். மூன்று வாரம் கழித்து, கூச்சம் எந்தெந்தப் பல்லில் குறைந்தது, எதில் குறையவில்லை என்று எழுதுங்கள். எந்தப் பல்லுக்கு முதலில் சிகிச்சை என்பதை அந்தக் குறிப்போடு உங்கள் பல் மருத்துவர் முடிவு செய்யலாம்.